முந்நூறு பிரதியும் வருட வரிசையில்

எங்கள் அண்ணனோடு ஒரே வீட்டில் இருந்து பாருங்கள், தெரியும். பத்து நாள் வெளியூர் போய்த் திரும்பினால், பத்து நாள் செய்தித்தாளையும் தேதிவாரியாகப் படித்து முடித்த பிறகுதான் இன்றைய தாளைத் தொடுவான். சொல்லிப் பார்த்தாயிற்று. அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

துணி ஆலையில் இருபது வருடம் இருந்தான். ஆலையை மூடியதும், நான் பிழை திருத்தும் அச்சகத்திலேயே பைண்டராகச் சேர்த்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த ஆலை மூடியதைப் பற்றி ஓர் அம்மா நாவல் எழுதியிருந்தார். எட்டு வருட உழைப்பு. பக்க எண் கிடையாது, அத்தியாயத்தின் தலையில் வருடம் மட்டும்தான். முடிவு முதலில் வரும், தொடக்கம் நடுவில் எங்கோ கிடக்கும். ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு ஃபாரம், பதினாறு பக்கம். அடுக்க வேண்டிய வரிசையை எழுதி அண்ணனின் மேசையில் ஒட்டியிருந்தேன். யாரோ குளறுபடி செய்துவிட்டார்கள் என்று இரக்கப்பட்டு, முந்நூறு பிரதியையும் வருட வரிசையில் தைத்துவைத்தான். அட்டை ஒட்டாததுதான் புண்ணியம்.

முதலாளி என்னைத்தான் கூப்பிட்டார். "அந்தம்மா என்ன சொல்றாங்களோ அதுதான். ஒத்துக்கலேன்னா உங்க அண்ணன் நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

அந்த அம்மா வந்து புரட்டிப் பார்த்தார். "ஏன் மாத்துனீங்க?"

"நடந்தது நடந்தபடி இருக்கணும்லம்மா," என்றான் அண்ணன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சரி, ஆலை மூடுனதை நீங்க நடந்தபடி சொல்லுங்க."

"கேட்ல பூட்டு. ஆறு மணிக்குச் சங்கு ஊதல. இப்பவும் ஆறு மணிக்கு முழிப்பு வந்துடுது. அப்பா என்னை வேலைக்குச் சேத்த அன்னிக்குப் புதுச் சட்டை, தோள்ல நிக்கல. பூட்டைப் பாத்துட்டு வீட்டுக்கு வந்தா இவ அண்ணி... இல்ல, அவ செத்தது அடுத்த மாசம். ஆனா அன்னிக்கே..."

"வரிசையா சொல்லேண்ணா." என் வாய் சும்மா இருக்குமா?

"வரமாட்டேங்குதுடி," என்றான்.

ஒன்பது வருடத்தில் அண்ணியைப் பற்றி அவன் பேசியது அன்றுதான். எனக்கு அழுகை வந்தது. அந்த அம்மா முதலாளியிடம், "ஒரு வாரம் பொறுத்துக்கறேன், இவரே தைக்கட்டும்," என்றார்.

அண்ணன் கத்தியை எடுத்து முதல் பிரதியின் நூலை அறுத்தான்.

"முதல்ல எது?"

"ஆலை மூடுன வருஷம்ணா."

தலையாட்டிவிட்டு அந்த ஃபாரத்தை முதலில் எடுத்து வைத்தான்.