அப்பாஸ் பாயின் கதவுகளும் நான் போடாத திருத்தமும்

கதவுக்கடை அப்பாஸ் பாய் காலமாகிவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குச் சற்று முன்னர் அவருடைய மகள் நூர்ஜகான் தொலைபேசியில் சொன்னார். "அத்தா போயிட்டாங்க மாமா. சுபுஹு தொழுதுட்டுச் செத்த நேரம் படுக்கிறேன்னாங்க. எந்திரிக்கல." ஒரே ஆள் சொன்னதை நம்பாமல் இரண்டாவது ஆதாரம் தேடுவது நாற்பது ஆண்டு நிருபர் வேலை எனக்குத் தந்த கெட்ட பழக்கம். சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கி அவருடைய பெயரையும் தகப்பனார் பெயரையும் சொல்லி, நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று அறிவித்தது. இரண்டு ஆதாரங்களும் ஒத்துப்போயின. அதன் பிறகுதான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன்.

இதே கவனத்தை ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு நாள் நான் காட்டியிருந்தால், அவரை அறிந்தவர்கள் அவரைப் பற்றி ஒரு தவறான செய்தியை இன்றுவரை நம்பிக்கொண்டிருக்க மாட்டார்கள். அந்தச் செய்தியைச் சரிசெய்யவே இதை எழுதுகிறேன். முதலில் அவர் எப்படிப்பட்ட வியாபாரி என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

திண்டுக்கல்லில் பழனி சாலையில் அவருடைய கடை. வாசல் கதவும் அதை மாட்டும் நிலையும் மட்டுமே விற்பார். நெய்க்காரப்பட்டியிலிருந்து தென்னந்தோப்புக்காரர் ஒருவர் வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"ஏனுங்க பாய், கஜலட்சுமி செதுக்கின தேக்குக் கதவு ஒண்ணு வேணுமுங்க."

"வாசல் எந்தப் பக்கம்?"

"மேக்குங்க."

"முன்னால தாழ்வாரம், போர்டிகோ ஏதாச்சும்?"

"இல்லீங்க."

"அப்ப சாயங்கால வெயில் பூராம் லட்சுமி மூஞ்சியிலதான் அடிக்கும். ரெண்டு வருசத்துல கன்னம் வெடிச்சிரும். மொதல்ல அந்தம்மாவுக்கு ஒரு நெழலப் போட்டுட்டு வாங்க, கதவு தாரேன்."

வந்தவர் முறைத்துக்கொண்டு போனார். மூன்று மாதம் கழித்து, கட்டி முடித்த போர்டிகோவின் படத்தைக் கைப்பேசியில் காட்டிக் கதவை வாங்கிப் போனார்.

ஒவ்வொரு பொருளைப் பற்றியும் பாயிடம் ஒரு தீர்ப்பு இருந்தது. இரும்புக் கதவைக் கரையான் தொடாது, உதைத்தாலும் நிற்கும் என்பார், "ஆனா வெயில் படுற வாசல்ல போட்டா மத்தியானம் அதுலயே தோச வாக்கலாம்." ஒட்டுப்பலகைக் கதவு அறைகளுக்குச் சரி, "முன்வாசலுக்கு வந்தா மழைக்குப் பூரி மாதிரி உப்பிரும்." நிலைக்கு வேங்கையோ வேம்போ போதும், தேக்குதான் வேண்டும் என்பது வீம்பு. வாங்க வருகிறவர்கள் கைப்பிடியைத் தடவிப் பார்ப்பார்கள். அவர் கீலைக் காட்டுவார். "சுமக்குறவன் இவன்தான். மூணு கீல் பத்தாது, கனமான கதவுன்னா நாலு போடுங்க." பூட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு பூட்டைப் பற்றி அவர் சொன்னது சிலருக்குப் பிடிக்காது: "அம்புட்டு ஒசத்தியான பூட்டக் கொண்டுபோய் ஆடுற நிலையில மாட்டுனா, திருடன் பூட்ட விட்டுட்டு நிலையத் தூக்கிட்டுப் போவான்." எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொல்வார்: "கதவுக்கு ரெண்டே வேலதான் தம்பி. தொறக்கணும், மூடணும். மிச்சம் பூராம் சம்பந்தகாரவுகளுக்குக் காட்டுறதுக்கு."

எந்த வீட்டுக்குப் போனாலும் கதவை ஒருமுறை ஆட்டிப் பார்க்காமல் உள்ளே நுழையமாட்டார். கொடைரோட்டில் ஒரு துக்க வீட்டுக்கு இருவரும் போனோம். வாசல் கதவு தரையில் உரசிக் கிறீச்சென்றது. ஆட்கள் வந்து போகும்போதெல்லாம் அழுகைக்கு நடுவே அந்தச் சத்தம். பாய் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு மெழுகுவர்த்தியை எடுத்து, குனிந்து, கதவின் அடி விளிம்பில் பயபக்தியோடு மூன்று முறை தேய்த்தார். எங்களுக்குப் பின்னால் வந்தவர் அதைப் பார்த்துவிட்டுத் தானும் குனிந்து கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் வந்தவரும் அப்படியே செய்தார். நாங்கள் புறப்படும்போது வாசலில் ஒரு வரிசையே நின்றது. "என்ன பாய் இது?" என்றேன். "பேசாம வாங்க தம்பி. கதவு இப்பச் சத்தமில்லாமத் தொறக்குதா இல்லையா?"

இனி நான் சொல்ல வந்த விஷயம். எங்கள் நாளிதழின் வீட்டு இணைப்புக்காக, வாசல் கதவு வாங்குவது எப்படி என்று அவரைப் பேட்டி கண்டு எழுதினேன். கடை நடுவில் மாதிரிக்காக ஒரு நிலை நிறுத்தியிருப்பார். கதவு வந்து அமர்வதற்காக நிலையின் ஓரத்தில் படி போல ஒரு காடி வெட்டியிருக்கும். கதவு உள்ளே திறக்க வேண்டுமானால், நிலை வைக்கும்போது அந்தக் காடி வீட்டின் உட்பக்கம் பார்த்திருக்க வேண்டும். அவர் சொன்னதும் அதுதான். ஆனால் மாதிரி நிலையில் காடி, வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று, நான் நின்ற பக்கம் பார்த்திருந்தது. நான் தெருவிலிருந்து வந்தவன். ஆகவே என் பக்கம்தான் தெரு என்று எடுத்துக்கொண்டேன். "காடி தெருவைப் பார்த்திருக்க வேண்டும் என்கிறார் அப்பாஸ் பாய்" என்று எழுதினேன். அவரிடம் திரும்பக் கேட்கவில்லை. அச்சாகிவிட்டது.

எரியோட்டில் சின்னச்சாமி என்ற காய்கறி விவசாயி அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டார். பாய் கடையிலேயே நிலையும் வாங்கினார். மஞ்சள் பூசி, பூச்சுற்றி, நவதானியம் கட்டி, நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் நிலையைத் தூக்கினார்கள். கொத்தனார் தயங்கியிருக்கிறார்.

"அண்ணே, காடி வெளிய பாக்குது. கதவு தெருப்பக்கமால்ல தொறக்கும்."

"ஏலே, பேப்பர்ல போட்டிருக்கு. பேப்பர்காரனவிட உனக்குத் தெரியுமா? நேரம் போகுது, நிறுத்துறா!"

நிறுத்தினார்கள். தேங்காய் உடைத்தார்கள். இரண்டு வாரம் கழித்துக் கதவு மாட்ட வந்த ஆசாரி, தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நிலையைப் பெயர்த்துத் திருப்பலாம் என்றதற்குச் சின்னச்சாமியின் மனைவி செல்லம்மாள், "பூச போட்டு வச்ச நிலையப் பேப்பீகளா? மொதல்ல என்னையப் பேத்துட்டு அப்பறம் அதப் பேருங்க" என்று குறுக்கே நின்றுவிட்டார்.

செய்தியில் இருந்தது பாயின் பெயர். தொலைபேசியும் அவருக்கே போனது. இருவரும் அவருடைய வண்டியில் எரியோட்டுக்குப் போனோம். சின்னச்சாமி கத்தரித்த தாளைப் பாயின் முகத்துக்கு நேரே நீட்டி, "இது நீங்க சொன்னதா இல்லையா?" என்றார். ஊரே நின்று பார்த்தது. பாய் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"ஆமாப்பு, நான்தான் சொன்னேன். வாய் தவறிருச்சு."

நான் பக்கத்தில்தான் நின்றேன். என் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவரே வழியும் சொன்னார். கதவு வெளியே திறந்தால் கீல் தெருப்பக்கம் வரும். அதன் நடுக்கம்பியான முள்ளைத் திருடன் தட்டிக் கழற்றிவிடலாம். ஆகவே முள் கழற்ற முடியாத கீலாகத் தம் செலவில் கொடுத்தார். மழைத் தண்ணீர் இடுக்கில் இறங்காதபடி மேலே ஒரு தகரச் சரிவு, அடியில் அலுமினியப் பட்டி. கூடத்தில் கதவு சுழலும் இடம் மிச்சம், காற்று அடித்தால் கதவு இன்னும் இறுக மூடும் என்று பலனையும் எடுத்துச் சொன்னார். ஒரு குறை மட்டும் தீரவில்லை. கதவைத் தட்டுகிறவர் உடனே இரண்டடி பின்னால் போக வேண்டும். செல்லம்மாளின் அண்ணன் போகவில்லை, நெற்றி வீங்கியது. ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் கும்பிட்ட கையோடு படியிலிருந்து இறங்கினார். "இப்பல்லாம் சனங்க தள்ளி நின்னுதான் கூப்பிடுறாங்க, மரியாதயா இருக்கு" என்று சின்னச்சாமி பெருமைப்பட்டதாகக் கேள்வி.

ஆனால் பெயர் பாய்க்குத்தான் கெட்டது. எரியோட்டுப் பக்கம் அவருக்கு 'வெளிக்கதவு பாய்' என்று பெயர் வைத்தார்கள். "பாய் கடைக்கா போறே? வீட்டையே திருப்பி வச்சிருவாரு" என்று மற்ற கடைக்காரர்கள் சிரித்தார்கள். அந்தப் பக்கத்துக்காரர்கள் கடைக்கு வருவது நின்றது.

அன்று எரியோட்டிலிருந்து திரும்பி வரும் வழியில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார்: "என் கதவத் தட்டிப் பாத்து வாங்கிக்கலாம் தம்பி. ஒங்க பேப்பரத் தட்டியா பாக்க முடியும்? நம்பித்தான வாங்குறாங்க. ஊருக்கு முன்னால அதக் கெடுப்பானேன்? நீங்களே ஒரு திருத்தம் போட்டுருங்க. ஒரு வரி போதும்."

அடுத்த வாரம் போடுகிறேன் என்றேன். அடுத்த வாரம் விளம்பரம் அதிகம். பிறகு பொங்கல் மலர். பிறகு தேர்தல். பார்க்கும்போதெல்லாம் "தம்பி, திருத்தம்?" என்பார், "சாப்டீங்களா?" என்பது போல. நானும் "வருது பாய்" என்பேன். உண்மை என்னவென்றால், நான் ஆசிரியரிடம் சொல்லவே இல்லை. என் செய்திக்கு அதுவரை ஒரு திருத்தமும் வந்ததில்லை. அந்தப் பெருமையை உடைக்க மனம் வரவில்லை.

நான் ஓய்வு பெற்ற நாளில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. மேடையில் ஒருவர், "நாற்பது ஆண்டுகளில் ஒரு திருத்தம்கூட வராத நிருபர்!" என்று முழங்கினார். முன்வரிசையில் பாய். எல்லோரும் நிறுத்திய பிறகும் அவர் கைதட்டிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவர், "பாய்க்கு நம்ம சார் மேல அவ்வளவு பிரியம்" என்றாராம். சால்வை போர்த்த வரிசையில் வந்த பாய் என் காதில் கேட்டார்: "நாப்பதும் முடிஞ்சிருச்சு. இப்பவாச்சும் போடலாமுல்ல?"

அப்போதும் போடவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பியதும் நூர்ஜகானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடையை இனி அவர்தான் பார்க்கப் போகிறார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "தெரியும் மாமா. நான் கோவப்பட்டப்பல்லாம் அத்தா, 'மனுசன் வெக்கப்படுறாரு, இடிக்காத'ன்னு என் வாயத்தான் அடைப்பாங்க" என்றார். திட்டியிருக்கலாம்.

மறுநாள் எரியோட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். தவறு என்னுடையது, பாய் சரியாகத்தான் சொன்னார் என்றேன். சின்னச்சாமி நம்பவில்லை. "செத்த மனுசனுக்குக் கெட்ட பேரு வேணாம்னு பேசுறீக. நல்ல மனசு. ஆனா பாயே எங்கிட்ட ஒத்துக்கிட்டாரே சார். இப்ப மாடி எடுத்திருக்கேன். திங்கக்கெழம நிலை வைக்கிறேன். பேப்பர்ல அன்னைக்குப் போட்டது போட்டபடிதான இருக்கு? கீழ இருக்குற மாதிரியே மேலயும் வச்சிர வேண்டியதுதான்."

மாடி வாசலுக்கு வெளியே இரண்டடியில் படிக்கட்டு இறங்குகிறது என்பதையும் அவரே சொன்னார். வேண்டாம் என்று கெஞ்சினேன். "வாயால சொன்னா எப்பிடி சார்? பேப்பர்ல வரட்டும், நம்புறேன்" என்று வைத்துவிட்டார்.

அப்பாஸ் பாயிடமிருந்து என்னிடம் இருப்பது, அழுக்குப் படாத என் பெயர். ஏழு ஆண்டுகள் அதற்குரிய அழுக்கை அவர் தம் கடையில் வைத்துக்கொண்டார். அந்த அழுக்கை இப்போது திரும்ப வாங்கிக்கொள்ளப் போகிறேன். இணைப்பிதழின் இப்போதைய ஆசிரியரிடம் நேரில் போய் எழுதிக் கொடுத்தேன். "ஏழு வருஷத்துக்கு முன்னாடி வந்ததுக்கா சார் திருத்தம்?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டார். வாசகம் இது: "நிலையின் காடி வீட்டின் உட்பக்கம் பார்த்திருக்க வேண்டும். அப்பாஸ் பாய் சரியாகச் சொன்னார். நிருபர் தவறாக எழுதினார்."

சனிக்கிழமை இணைப்பில், இரண்டாம் பக்கத்தின் அடியில் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். பக்கம் வெள்ளிக்கிழமை மாலைதான் முடிவாகும். எரியோட்டு மாடிக்கு நிலை வைக்கும் நேரம் திங்கட்கிழமை காலை ஆறிலிருந்து ஏழரைக்குள்.