தைத்து மூடிய பாக்கெட்

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருஷம், ஒரு நாடகத்துக்காக, போர்க்கால பிரான்சில் விமானத் தொழிற்சாலை ஆட்கள் போட்ட நீல ஓவரால் உடுப்பை அப்படியே தைக்க வேண்டியிருந்தது. அங்கே வேலை பார்த்துத் திரும்பிய ஒரு பெரியவர் விவரம் சொல்ல என் தையல் கடைக்கு வந்தார். நெடிய உருவம். கைகளை எப்போதும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருப்பார்.

“பாக்கெட்டு வாயத் தெச்சு மூடிடு, தம்பி.”

“எதுக்கு முசியே?”

“ஆணியத் திருடுவோம்னு ஜெர்மன்காரன் மூட வெச்சான். அப்ப ஊரையே புடிச்சிருந்தான்ல? அவனுக்குத்தான் ப்ளேன் செஞ்சோம்.” குரல் இறங்கியது. “மேடையில அத சொல்லுவாங்களா?”

“இல்லீங்க. கதையில அந்தத் தொழிற்சாலை ஆளுங்கதான் ஜெர்மன்காரன எதுத்து ஜெயிக்கிறாங்க.”

தலையைக் குனிந்துகொண்டார்.

நாடகத்தன்று நீல உடுப்பில் நடிகர்கள் வந்ததும் கொட்டகையே கைதட்டியது. கடைசி வரிசைக்குப் பின்னால் அந்தப் பெரியவர் நின்றிருந்தார். கைகள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன.