கடைசிப் பெயர்

சோப்புக் கம்பெனி மூடியபோது எனக்கு நாற்பத்து நாலு வயது. தரப் பரிசோதனைப் பிரிவுக்கு நான்தான் தலைவன். முதலாளி கம்பெனியை ஓசூருக்குத் தூக்கிக்கொண்டு போனார், என்னை விட்டுவிட்டார். மனைவியோடு பாளையங்கோட்டையில் அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அப்பா ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியார். அவருடைய பென்ஷனில்தான் வீட்டில் உலை கொதித்தது. என் தட்டில் மோர் விழும்போதெல்லாம், "நல்லா சாப்பிடு லே. காலைல ஆபீஸுக்குப் போற ஆளுல்லா" என்பார். சிரிக்காமல் சொல்வார். எப்படியாவது ஒரு வேலை வாங்கி அந்த வீட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும், எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

தொண்ணூறுகளின் கடைசி அது. வண்ணார்பேட்டையில் பிரவுசிங் சென்டர் வந்திருந்தது. துபாயில் இருந்த காயல்பட்டினத்து நண்பர் ஒருவர் போனில் சொன்னார்: "பேப்பரைப் பாத்து அப்ளிகேஷன் போட்ட காலமெல்லாம் போச்சு வே. இண்டர்நெட்டுல வேலைக்குன்னே தளம் தளமா இருக்கு. எல்லாத்துலயும் போய் விழாதீரும். உமக்குத் தோதானதைப் பாத்துப் போடும்."

தோதானதைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. ஒரு தளத்தில் முதல் கேள்வியே வயது. முப்பத்தைந்துக்கு மேல் கட்டமே இல்லை. செத்தவன் கணக்கில் சேர்த்துவிட்டான் போலிருக்கிறது என்று திட்டிவிட்டு மூடினேன். இன்னொன்றில் இருந்ததெல்லாம் காலேஜ் முடித்த பிள்ளைகளுக்கான வேலை. அனுபவம் என்ற இடத்தில் 'ஐந்து வருடத்துக்கு மேல்' என்று ஒரே கட்டத்தில் எல்லாரையும் அடைத்திருந்தார்கள். வளைகுடா வேலைக்கான தளமோ முன்பணம் கேட்டது. கடைசியில் ஒன்று அகப்பட்டது. அது வயதைக் கேட்கவில்லை. என்ன பொறுப்பில் இருந்தாய், எத்தனை பேரை வைத்து வேலை வாங்கினாய், எதைச் சரிசெய்தாய் என்று கேட்டது. ஊரில் ஒருத்தன் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அந்தத் தளத்தின் மேல் எனக்குப் பிரியமே வந்துவிட்டது.

பெயர் எழுதும் இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். முதலாவதில் என் பெயரையும் அடுத்ததில் இனிஷியலையும் போட்டால் சிவப்பு எழுத்தில் தப்பு என்றது. ஒற்றை எழுத்தை அது பெயராக ஒத்துக்கொள்ளவில்லை. சென்டர்காரர் எட்டிப் பார்த்தார்.

"வடக்க உள்ளவங்க அதுல ஜாதிப் பேரைப் போடுதாங்க, அண்ணாச்சி."

"எனக்கு அந்தக் கருமம் வேண்டாம்."

"அப்பம் உங்க அப்பா பேரை முழுசாப் போட்டுருங்க."

போட்டேன். கீழே வீட்டு போன் நம்பரையும் போட்டேன்.

அதன் பிறகு இரண்டு நாளைக்கு ஒருதரம் போய்ப் பார்ப்பேன். ஒன்றும் வந்திருக்காது. ஒருநாள் பதில் வந்திருந்தது. பூனாவிலிருந்து ஒரு சோப்புக் கம்பெனி. தொலைபேசியில் தாங்கள் சொன்னபடி தங்களுக்கு இந்தப் பதவியில் விருப்பமில்லை என்பதைக் குறித்துக்கொண்டோம், வேறொருவரை நியமித்துவிட்டோம் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். நான் யாரோடும் தொலைபேசியில் பேசவில்லை. மறுபடி கடிதத்தின் முதல் வரியைப் பார்த்தேன். 'அன்புள்ள மிஸ்டர்' என்று தொடங்கி அப்பாவின் பெயர் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டேன்.

"போன வாரம் ஒரு போன் வந்துது. மாமாதான் எடுத்தாங்க. இங்கிலீஷ்ல சிரிச்சுச் சிரிச்சுப் பேசினாங்க. மாமா சிரிச்சு நான் பாத்ததே இல்லியா, அதான் யாருன்னு கேக்கல" என்றாள்.

அப்பா முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"பூனாவுல இருந்து போன் வந்துதாப்பா?"

"வந்துது. என் பேரைச் சொல்லிக் கேட்டான். நான்தான் பேசுதேன்னேன். வேலைக்கு வாரீரான்னான். எனக்கு எதுக்குலே இந்த வயசுல வேலை? விருப்பமில்லன்னு சொல்லிட்டேன்."

"எனக்குத்தான் வந்த போனுன்னு உங்களுக்குத் தெரியலியா?"

"சோப்பு, பரிசோதனைன்னு ஆரம்பிச்சதுமே தெரிஞ்சுபோச்சே."

அவர் பேப்பரை நாலாக மடித்தார்.

"அவன் கேட்டது என் பேரை. ஆயுசெல்லாம் பாடம் சொல்லிக்கொடுத்து நான் சம்பாதிச்ச பேரு. அதை ஒரு கட்டத்துக்குள்ள எழுதிப்போட்டு நீ வேலைக்குப் போவியோ?"

"நல்ல வேலைப்பா அது." கெஞ்சிவிட்டேன். அது எனக்கே அசிங்கமாக இருந்தது.

"நல்ல வேலைதான். எல்லாம் விசாரிச்சுட்டுத்தான் வேண்டாம்னேன். வீடு, காரு எல்லாம் உண்டாம்." கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "அவ்வளவையும் நீ தாங்க மாட்டே லே."

அவரை அடிக்க எனக்குக் கை வந்தது. பெற்ற அப்பாவை. அதற்குள் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். மோர் ஊற்ற வந்தவளிடம், "அவனுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.

நான் தட்டை நகர்த்திக் கொடுத்தேன்.