உப்பளத்திலிருந்து புறப்பட்டவள்

காலை ஆறேகால் மணிக்குத் திண்டிவனத்தில் மரக்காணம் பஸ் ஏறினேன். எழுபத்து நான்காம் வருடம், மாசி மாதம். டிக்கெட் ஒரு ரூபாய் பத்துப் பைசா. கையில் குடை, தூக்குவாளி நிறையத் தயிர்சாதம், அக்குளில் இடுக்கிய நீளமான படச்சுருள். சுருளைப் பார்த்ததும் கண்டக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இன்னாம்மா இது, பாயா? பாய்க்கு லக்கேஜ் போடணும்."

"பாய் இல்லப்பா, படம். இஸ்ரவேல் ஜனங்க அடிமைத்தனத்துலேர்ந்து தப்பிச்சு, கடலைத் தாண்டிப் போன கதை."

"எத்தினி பேரு?"

"ஆம்பளைங்க மட்டும் ஆறு லட்சம்."

"அப்ப லக்கேஜே வேணாம் போ. அத்தினி பேருக்கு நான் எங்க டிக்கெட் கிழிக்கிறது?" என்று சிரித்துக்கொண்டே முன்பக்கம் போய்விட்டார்.

நான் மிஷன் பள்ளி ஆசிரியை. உடம்பு கொஞ்சம் கனம், வெயில் ஆகாது, கோபம் சீக்கிரம் வரும். அன்றைக்குப் போனது முக்கியமாகப் பாடம் நடத்த அல்ல. அஞ்சலையை அழைத்து வர. அஞ்சலை உப்பளத்தில் கூலி வேலை செய்பவள், முப்பது வயதிருக்கும். உப்புத் தண்ணீரிலேயே நின்று நின்று இரண்டு பாதமும் புண். வலது கால் ரொம்ப மோசம். எங்கள் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இந்த வாரத்துக்குள் படுக்கையில் சேர வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் காலை எடுக்க வேண்டியிருக்கும். வருகிறேன் என்று இரண்டு முறை சொல்லி அவள் வரவில்லை. மூன்றாம் முறை நானே கிளம்பிவிட்டேன்.

பிரம்மதேசம் தாண்டியதும் நிலம் மெல்லத் தட்டையாகிக்கொண்டே போனது. பனைமரங்கள் ஒன்றுக்கொன்று எட்டி நின்றன. காற்றில் கடல் வாசனை வந்தது. ஏழே முக்காலுக்கு மரக்காணத்தில் இறங்கி, இருபது பைசாவுக்கு ஒரு டீ குடித்துவிட்டு, கிழக்கே இரண்டு மைல் நடந்தேன்.

உப்பளத்தை முதல்முறை பார்க்கிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் எதுவும் பிடிபடாது. எனக்கு ஐந்தாம் முறையும் அப்படித்தான் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சதுரம் சதுரமாகப் பாத்தி, ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு வானம். வரப்பில் நடக்கும்போது மேகத்தின் மேல் நடப்பதா கீழ் நடப்பதா என்று தெரியவில்லை. போன வருடத்து உப்புக் குவியல்கள் கீற்று மூடித் தூரத்தில் தரையைத் தொடாமல் நின்றன. எதிரே நாலு பேர் வந்தார்கள். கானலில் அவர்களுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. சத்தமும் இல்லை. கிட்டே வந்து "நல்லாகீறியா டீச்சரம்மா?" என்று கேட்ட பிறகுதான் மனிதர்கள் என்று ஆனார்கள். இப்படி ஒரு வெளியில் நாற்பது வருஷம் நடந்தால் யாருக்கும் கனவும் நனவும் கலந்துதான் போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குப் பனைநிழலில் படச்சுருளைத் தொங்கவிட்டேன். அஞ்சலை, அவள் புருஷன் ஏழுமலை, இன்னும் பத்துப் பேர். அவர்களில் வேதம் கேட்க வருகிறவர்கள் அஞ்சலையும் ஏழுமலையும்தான். மற்றவர்கள் படம் பார்க்க வந்தவர்கள். ஏழுமலையின் செத்துப்போன அண்ணனின் மனைவி முனியம்மாளும் அப்படித்தான். நெற்றி நிறையத் திருநீறும் இடுப்பில் சும்மாடுமாக முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

முதல் படத்தில் அடிமை ஜனங்கள் செங்கலுக்குச் சேறு மிதிக்கிறார்கள். அதை விளக்க நான் வாயே திறக்கவில்லை. "இது நம்ம பாத்தி மிதிக்கிறதுதானே!" என்று எல்லாரும் சிரித்தார்கள். தை மாதத்தில் பாத்தியின் களிமண்ணை ஆளுக்கொரு பங்காகக் காலால் மிதித்து இறுக்குவார்கள். அப்புறம்தான் உப்புத் தண்ணீர் பாய்ச்சுவது. இரண்டாம் படத்தில் ஆட்டுக்குட்டி. அதன் இரத்தத்தை நிலைக்கால்களில் பூசியிருக்கிறது. அந்த இரவில் சாவு வீடு வீடாகத் தலைப்பிள்ளைகளைக் கொண்டுபோனபோது இரத்தம் பூசிய வீட்டுப் பிள்ளைகள் தப்பினார்கள், அதேபோல இயேசு நமக்குப் பதிலாக மரித்ததால் நாம் தப்பினோம் என்றேன்.

"ஆடு இன்னா தப்பு பண்ணுச்சு?" என்று கேட்டாள் முனியம்மாள்.

"ஒண்ணும் பண்ணலம்மா. அதுதான் விஷயமே. குத்தமில்லாதது குத்தவாளிக்குப் பதிலா நிக்குது."

"அப்ப அந்த வூட்டுக்காரனுக்கு வெக்கமா இருக்காதா?"

பதினெட்டு வருஷம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஏதோ சொல்லி மழுப்பிவிட்டுக் கடல் பிளக்கும் படத்துக்குப் போனேன். அது எல்லாருக்கும் பிடித்தது.

பாடம் முடிந்ததும் அஞ்சலையிடம், "கிளம்பு, ரெண்டு மணி பஸ்" என்றேன். அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஏழுமலைதான் பேசினார்.

"அவ வரக்கூடாதுங்க டீச்சரம்மா. பாத்தி மிதிச்சவங்க மொத உப்பு வார்ற வரைக்கும் ஊர் எல்லைய தாண்டக்கூடாது. தாண்டினா பாத்திக்கு ஆகாது. முன்ன ஒரு தடவ ஒருத்தி போயிட்டா, மழை வந்து பாத்தி மொத்தமும் கரைஞ்சிடுச்சி. ரெண்டு வருசமா அவள யாரும் வேலைக்குச் சேக்கல."

"மொத உப்பு எப்ப?"

"இன்னும் பத்து நாளு ஆவும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மழை வானத்திலிருந்து வருகிறதா, இவள் காலிலிருந்து வருகிறதா என்று கத்தினேன். அஞ்சலை அழுதாள். "எனக்கு வரணும்னுதான் இருக்குது டீச்சரம்மா. நான் போயி, பாத்தி போச்சுன்னா, இதுங்க எல்லாம் எதத் துன்னும்?" என்றாள். பாத்தி ஒன்பது குடும்பத்துக்குப் பொது. நான் படச்சுருளைச் சுற்ற ஆரம்பித்தேன்.

முனியம்மாள் எழுந்தாள். "பதில் கால் வெக்கலாமில்ல?" என்றாள்.

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏழுமலை பதறிப்போய், "வாணாம் அண்ணி. தப்பாப் போச்சின்னா பழி உன் தலையில வுழும். உனக்கு இன்னா இருக்குது, இந்த வேலைய வுட்டா?" என்றார்.

"கம்முனு கெட. காலு அவளுக்குப் போவுது, உனக்கா போவுது?"

அதற்கும் அவர்களிடம் ஒரு முறை இருக்கிறது: மிதித்தவளின் இடத்தை இன்னொருத்தி ஏற்றுக்கொண்டால் இவள் எல்லை தாண்டலாம், ஆனால் வரும் கெடுதலும் பழியும் ஏற்றுக்கொண்டவளுக்கு. முனியம்மாள் அஞ்சலையை வரப்பில் உட்கார வைத்தாள். பாத்தித் தண்ணீரைச் சொம்பில் மொண்டு வந்தாள். "எரியும், பொறுத்துக்கோ" என்று சொல்லி இரண்டு பாதங்களையும் கழுவினாள். புண்ணில் உப்புத் தண்ணீர் பட்டதும் அஞ்சலை பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு முனியம்மாள் பாத்தியில் இறங்கி, அஞ்சலை மிதித்திருந்த மூலையில் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இவ மிதிச்சது நான் மிதிச்சது. வந்தா எனக்கு வரட்டும்."

தண்ணீரில் அவளைச் சுற்றி வானம் ஆடி அடங்கியது. நான் படச்சுருளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷம் நான் சொல்லிக் கொடுத்ததை எனக்கு யாரோ முதன்முறையாகக் காட்டியது போல இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ரோடு வரை அஞ்சலையை மாட்டு வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். ஏழுமலை பாத்தியைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே நின்றுவிட்டார். இரண்டு மணி பஸ் இரண்டே காலுக்கு வந்தது. அஞ்சலைக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துத் தயிர்சாதத்தைக் கொடுத்தேன். அவள் இரண்டு வாய்கூடச் சாப்பிட்டிருக்க மாட்டாள், காற்று திடீரென்று குளிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் கடல் பக்கம் வானம் கறுத்து, உப்பளத்தின் மேல் மழை சாம்பல் நிறப் புடவையைத் தொங்கவிட்ட மாதிரி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. மாசியில் மழை! எங்கள் மேல் ஒரு துளி விழவில்லை. பஸ்ஸுக்குள் நல்ல வெயில்.

"வண்டிய நிறுத்துங்க!" என்று அஞ்சலை எழுந்துவிட்டாள். "நான் போவணும். என்னாலதான். அக்காவ ஊரே ஏசும். நான் எறங்குறேன்!"

கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். பஸ் நின்றது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எதைச் சொல்லித் தடுப்பது? மழைக்கும் உனக்கும் சம்பந்தமில்லை என்றால் அவள் நம்பப் போவதில்லை.

"அஞ்சல, இப்ப நீ இறங்கினா பாத்தி திரும்பி வருமா?"

"வராது."

"உன் காலு?"

அவள் குனிந்து தன் வலது பாதத்தைப் பார்த்தாள்.

"அவ உனக்காக அங்க நின்னா. நீ திரும்பிப் போனா அவ நின்னதும் வீணாப் போயிடும். உனக்கு வெக்கமா இருக்கும், தெரியும். வெக்கத்தோட உக்காரு."

நெடுநேரம் நின்றாள். கண்டக்டர் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார்.

கடலைத் தாண்டிய ஜனங்கள் கரையேறியதும் பாடினார்கள், ஆடினார்கள் என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று திண்டிவனம் வரும்வரை என் தோளில் சாய்ந்து ஒருத்தி அழுதுகொண்டு வந்தாள். மீட்கப்படுவது இவ்வளவு கஷ்டமான காரியம் என்று எனக்கு அதுவரை தெரியாது. வாங்கிக்கொள்ள வேண்டும், திருப்பிக் கொடுக்க வழி கிடையாது, எழுந்து ஓடவும் கூடாது.

பாத்தி கரைந்துதான் போனது. முனியம்மாளை வேலைக்குச் சேர்க்கவில்லை. நாலு நாள் கழித்து ஏழுமலை மூட்டையோடு வந்து இதைச் சொன்னார். அவரும் திண்டிவனத்திலேயே மண்டியில் வேலைக்கு நின்றுவிட்டார். அதற்குப் பிறகு ஊரிலிருந்து சேதி எதுவும் இல்லை.

ஆடி மாதம் மறுபடி அந்தப் பக்கம் போனபோது அனுமந்தை ரோட்டில் முனியம்மாளைப் பார்த்தேன். தலையில் மீன் கூடை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வேகமாக வந்துகொண்டிருந்தாள். என்னவெல்லாமோ சொல்ல வேண்டும் என்று நினைத்து வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை.

"அத்த வுடு டீச்சரம்மா. அவ நடக்கிறாளா?"

"நடக்கிறா. ஆஸ்பத்திரியில வேலை குடுத்திருக்காங்க. குடத்தோட மாடி ஏறுறா."

முனியம்மாள் நடு ரோட்டில் நின்று அழ ஆரம்பித்தாள். கூடையைப் பிடித்திருந்த கைகளை எடுக்க முடியாததால் கண்ணைத் துடைக்க அவளுக்கு வழியில்லை. என் முந்தானையால் நான் துடைத்துவிட்டேன்.