மாமா கொண்டுவந்த பிரசிடெண்டு

எங்கள் அப்பாவுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் சிரித்தால் சந்தேகம், சிரிக்காவிட்டால் அதைவிடச் சந்தேகம். கப்பலில் வேலை பார்த்த தாய்மாமா, அக்காவைப் பெண் கேட்டு ஜெராம் பக்கத்து எங்கள் எஸ்டேட்டுக்கு வந்தார். அம்மா இறால் குழம்பு வைத்தாள். அப்பா மாமாவின் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பையிலிருந்து ஒரு காலண்டர் வந்தது. அடர்ந்த தாடி, நெஞ்சு நிறையப் பதக்கம். மத்திய அமெரிக்காவில் போன நூற்றாண்டில் ஆண்ட பிரசிடெண்டாம். மாமா அவரை முருகனுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

“பெரிய ஆளு லா. ரயில் விட்டாரு, ஸ்கூல் கட்டுனாரு. அந்த ஊர்ல இன்னும் அவரு பேச்சுதான். மலையில இந்தியருங்க நெலத்த எடுத்துக் காப்பித் தோட்டம் போட்டாரு. வேலைக்கு ஆள் வேணும்ல, அவங்களயே புடிச்சிப் போட்டாங்க.”

அப்பாவின் கை சோற்றில் நின்றது. “யாரு, நம்மாளுங்களயா?”

“இந்தியருன்னுதான் துறைமுகத்துல சொன்னாங்க.”

மாமாவுக்கு அதற்குமேல் தெரியாது. அதோடு விட்டிருக்கலாம். கல்யாணமானதும் அந்த ஊரிலேயே வேலை தேடிக்கொண்டு அக்காவையும் கூட்டிப்போவதாகச் சொல்லித் தொலைத்தார்.

போச்சு. அப்பா அம்மாவை அடுப்படிக்கு அழைத்துப் போய்க் குசுகுசுத்தார்.

“ஒந்தம்பி பொண்ணு கேட்டு வரல, ஆள் புடிக்க வந்திருக்கான். எங்கப்பனயும் இப்படித்தான் ஒரு கங்காணி இனிக்க இனிக்கப் பேசி இந்தத் தோட்டத்துக்குக் கப்பல் ஏத்துனான்.”

அம்மா கண்ணைக் கசக்கினாள். எங்கள் லயத்து வீடுகளிலேயே பள்ளியில் பாரம் ஐந்து வரை படித்தவள் அக்கா. அப்பா அவளைக் கூப்பிட்டார்.

“நீ படிச்சவ, சொல்லு. அந்த ஊர்ல இந்தியருங்க இருக்காங்களா?”

“இருக்காங்கப்பா. நெறய பேரு.”

“காப்பித் தோட்டத்துலயா?”

“ஆமாப்பா” என்றுவிட்டு அக்கா எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

மாமா சாயங்காலப் பஸ்ஸில் போய்விட்டார். காலண்டரை அப்பா கழற்றி அவரிடமே கொடுத்தனுப்பினார். அம்மா அழுதாள், நானும் அழுதேன். அக்கா மட்டும் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு குழம்புச் சட்டியைத் தேய்த்தாள். இவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

வழி தவறிய கப்பல்காரர்கள் இந்தியா என்று நினைத்துப் பெயர் வைத்த பூர்வகுடிகள்தாம் அந்த இந்தியர்கள் என்று சில வருஷம் கழித்துப் பள்ளியில் படித்தேன். அக்காவுக்கு அது அன்றைக்கே தெரியும். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்த ஊர் இந்தியர்களைப் பற்றியெல்லாம் அவளிடம் விசாரித்த எங்கள் வீட்டில், மாமாவைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அன்று உறைக்கவில்லை.