பெஞ்சைத் தூக்கிய இறையியல்

என் அப்பாவைக் கோயிலைவிட்டு விரட்டியவர் நீங்கள்தான், பாதர். வேறு யாரும் இல்லை.

எழுபதுகளின் நடுவில் எங்கள் பங்குக்குச் சாமியாராக வந்தீர்கள். மலையடிவாரத்து ஆசிரமங்களுக்குப் போய்ப் பேசினீர்கள். காவி கட்டினீர்கள். கிறிஸ்துவை இந்திய முறையில் வணங்க வேண்டும் என்று பத்திரிகைகளில் எழுதினீர்கள். எழுதியதோடு நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தால் மாதா கோயிலில் ஒரு பெஞ்சு இல்லை. பாய் விரித்திருந்தது. பீடத்தருகே குத்துவிளக்கு எரிந்தது.

அப்பா கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துச் சேரிக்காரர். ஆண்டை நிலத்தில் கூலி வேலை. வாரம் தவறாமல் பஸ் பிடித்துப் பூசைக்கு வருவார். அன்றைக்கு அவர் பாயில் உட்காரவில்லை. பூசை முடியும்வரை கதவோரம் நின்றுவிட்டு நேராக உங்களிடம் வந்தார்.

"பெஞ்சு எங்க சாமி?"

"பெஞ்செல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், பெரியவரே. தரையில உக்கார்றதுதான் நம்ம பண்பாடு."

"யார் பண்பாடு? ஆண்டை வூட்ல தரையில குந்தினேன். டீக்கடையில தரையில குந்தினேன். இங்க மட்டுந்தான் பெஞ்சுல குந்தினேன். அதையும் புடுங்கிட்டீங்களே!"

சிரித்தீர்கள். "ஏசுவே தரையில உக்காந்தவர்தானே?"

"அவரக் கீழ குந்துடான்னு எவனும் சொல்லலியே சாமி."

"யேய், சாமிகிட்ட என்னா பேச்சு?" என்று உங்களுக்கு உதவியாக நின்ற உபதேசியார் அதட்டினார். நீங்கள் அவரைத் தடுக்கவில்லை.

பெஞ்சுகள் போன இடத்தைப் பிறகு பார்த்தேன். கோயிலுக்குப் பின்னால் நீங்கள் பாடம் நடத்திய கூடத்தில், சாமியாராகப் படிக்கும் குருமாணவர்கள் அவற்றில் உட்கார்ந்து இந்தியப் பண்பாடு படித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா அப்புறம் பூசைக்கு வரவில்லை. அம்மா எவ்வளவோ கெஞ்சினாள். "நிக்க முடியல, கீழ குந்த மாட்டேன்" என்பதோடு சரி. சாகக் கிடந்தபோதும் சாமியாரைக் கூப்பிடக் கூடாது என்றுவிட்டார்.

எண்பதுகளில் உங்கள் காவி போனது, தலித் இறையியல் வந்தது. ஒரு கருத்தரங்கில் மெத்தை நாற்காலியிலிருந்து எழுந்து, கடவுள் ஒடுக்கப்பட்டவர்களோடு தரையில் உட்கார்கிறார் என்று பேசினீர்கள். கூடம் கைதட்டியது. நான் எழுந்து பெஞ்சைப் பற்றிக் கேட்டேன்.

"அது நம்ம சொந்த விஷயம், தம்பி. அப்புறம் பேசலாம்."

அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை.

அது சொந்த விஷயம் இல்லை, பாதர். எல்லோரும் பார்க்கத்தான் எங்களைத் தரையில் உட்காரச் சொன்னீர்கள். எல்லோரும் கேட்கப் பதில் சொல்லுங்கள். அதே கோயிலில், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், மைக் முன்னால் நின்று சொல்லுங்கள்: சேரியிலிருந்து வந்த எங்களில் யாரைக் கேட்டு அந்தப் பெஞ்சுகளைத் தூக்கினீர்கள்?