அக்காவின் ரோட்டரி காரும் பாலத்தில் நடந்ததும்

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவர் நினைவாக வெளிவரும் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

என்னை எழுதச் சொன்னவர் அத்தான். "கார் கதைய நீதான் எழுதணும் மச்சான். கூடவே இருந்தவன் நீதானே? பாலத்துல நடந்தத மறக்காம போட்டுடு-லா" என்றார். மூன்று வாரம் ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆனால் ஒரே ஒரு நாள் மட்டும் நான் வீரனாக இருந்தேன் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அதைப் பற்றித்தான் அத்தான் எழுதச் சொல்கிறார்.

அக்கா தாசேக் கெலுகோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா தோட்டத்து லாரி ஓட்டியவர். அப்பா காலமானபோது அக்காவுக்குப் பதினெட்டு வயது, எனக்குப் பத்து. மேலே படிக்க ஆசைப்பட்டவர், என்னைப் படிக்க வைப்பதற்காகத் தொழிற்சாலை வேலைக்குப் போனார். சிம்பாங் அம்பாட்டில் உலோகப் பாகங்களை மயிரிழை அளவுக்குத் தேய்த்து எடுக்கும் வேலை. சாதாரண ஊழியராகச் சேர்ந்து அந்தப் பிரிவுக்கே மேற்பார்வையாளர் ஆனார். திருமணத்துக்குப் பிறகு தீவில் உள்ள ஜெலுத்தோங்கில் குடியேறி, தினமும் கடல்மேல் போகும் பாலம் தாண்டி வேலைக்குப் போய்வந்தார்.

தொழிற்சாலைக்கு அருகில் ஒரு ஹாஃப்-கட் கடை இருந்தது. ஜப்பானில் பாதியாக வெட்டி இங்கே அனுப்பும் பழைய கார்களைப் பிரித்து விற்பவர்கள். அங்கேதான் அக்கா அந்த ரோட்டரி எஞ்சினைப் பார்த்தார். மற்ற எஞ்சின்களில் பிஸ்டன் மேலும் கீழும் போகும். இதில் பிஸ்டனே கிடையாது. ஆட்டுக்கல்லுக்குள் குழவி சுற்றுவது போல, முக்கோண வடிவில் ஓர் இரும்பு உள்ளே சுற்றும். அதன் மூன்று முனைகளிலும் மெல்லிய பட்டைகள் உண்டு. சீல் என்பார்கள். அந்த சீல் தேய்ந்தால் எஞ்சின் போச்சு. "இந்தப் பட்டைய நானே செஞ்சு பாக்கறேன்" என்று அக்கா கிளம்பிவிட்டார். மேலாளரிடம் அனுமதி கேட்டு, வேலை முடிந்தபின், மிஞ்சிய துண்டுகளில் வெவ்வேறு உலோகங்களைத் தேய்த்துப் பார்த்தார். முதல் சீல் ஒரு வாரம் தாங்கியது. இரண்டாவது அதைவிடக் கேவலம். எதையும் பாதியில் விடும் பழக்கம் அக்காவிடம் இல்லை. ஐந்தாவது முறைதான் சரிவந்தது.

எஞ்சினை ஒரு பழைய சின்னக் காரில் பொருத்தி, வீட்டு முன்னால் முதன்முதலாக ஓடவிட்ட நாளில் நான் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். அது கார் சத்தமாகவே இல்லை. புகைக்குழாயில் நெருப்பு பளிச்சென்று வந்து போனது. "ஏன்டா அங்க போய் நிக்கற? வெடிச்சிடாது-லா!" என்று அக்கா சிரித்தார். எஞ்சினை நிறுத்தும்வரை நான் உள்ளே வரவில்லை.

மாற்று எஞ்சினுக்கு முறைப்படி சோதனை முடித்து அனுமதி வாங்கிய பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அதை ஓட்டிப் பார்ப்பார். அத்தானுக்கு ஞாயிறும் வேலை. அதனால் பக்கத்து இருக்கையில் நான். மடியில் சிவப்புத் தீயணைப்புக் கருவி. நெருப்பு வந்தால் அணைக்க வேண்டியது நான்தான் என்பது ஏற்பாடு. ஒவ்வொரு ஞாயிறும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வர மாட்டேன் என்று சொல்லவும் பயம்.

அந்த ஞாயிறு காலை, காரை ஹாஃப்-கட் கடைக்காரரிடம் காட்டப் போய்க்கொண்டிருந்தோம். பாலத்தின் நடுவில் பெட்ரோல் வாடை அடித்தது. அடுத்த நொடி பானெட் ஓரமாகப் புகை. அக்கா இடது ஓரம் ஒதுக்கி நிறுத்துவதற்குள் நெருப்பு தெரிந்தது. நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். வெகுதூரம் ஓடிய பிறகுதான் தெரிந்தது, தீயணைப்புக் கருவியும் என் நெஞ்சோடு சேர்ந்தே ஓடிவந்திருக்கிறது.

ஒரு லாரி நின்றது. மலாய்க்காரர் ஒருவர் குதித்து இறங்கி, "பாகி சினி!" என்று கத்தினார். இங்கே கொடு என்கிறார், புரிகிறது, என் விரல்கள்தான் விடவில்லை. அவரே ஒவ்வொரு விரலாகப் பிரித்து அதைப் பிடுங்கிக்கொண்டு காரை நோக்கி ஓடினார். நான் பாலத்தின் ஓரக் கம்பியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது கார் முழுக்க வெள்ளைப் பொடி. நான் திறந்துபோட்ட கதவு வழியாக அவர் உள்ளே குனிந்து வெகுநேரம் ஏதோ செய்துகொண்டிருந்தார். பிறகு அக்காவைத் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுவந்தார். இடது காலில் கொப்புளம். மற்றபடி ஒன்றுமில்லை.

மருத்துவமனைக்கு அத்தான் பதறிக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "தம்பி இல்லாட்டி இன்னிக்கி நான் இல்லைங்க. அவன்தான் ஓடிப் போயி லாரிய நிறுத்தி, சாமானக் கையில குடுத்து, ஆளக் கூட்டியாந்தான்." அத்தான் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அன்றிலிருந்து தீபாவளிக்குத் தீபாவளி அந்தக் கதை சொல்லப்பட்டது. என் திருமண மேடையில்கூடச் சொன்னார்கள். யாராவது விவரம் கேட்டுவிடுவார்களோ என்று ஒவ்வொரு முறையும் எனக்கு வியர்க்கும். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

கோளாறு பெட்ரோல் குழாயில்தான். அக்காவின் சீல்களுக்கு ஒரு கீறலும் இல்லை. குழாயை மாற்றி, மறுபடி சோதனை முடித்து, நோய் வரும்வரை அக்கா அந்தக் காரை ஓட்டினார். நான் அதில் மறுபடி ஏறவே இல்லை. முதுகுவலி என்றேன், வேலை என்றேன். ஏன் என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. என்னைப் பற்றி யாரிடமும் ஒரு குறை சொன்னதில்லை. அக்காவின் குணம் அது.

புற்றுநோய் முற்றி மருத்துவமனையில் இருந்த கடைசி நாள்களில் மதியம் தவறாமல் போவேன். ஒரு மதியம் அத்தான் சாப்பிடப் போயிருந்தார். அக்கா மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கிப் பாலத்துல என் பெல்ட் கழறவே இல்லடா. அந்த லாரிக்காரர்தான் கத்தியால அறுத்து விட்டாரு."

காரைக் காப்பாற்றத்தான் அக்கா உள்ளேயே இருந்தார் என்று அத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஏன்க்கா இத்தன நாளா சொல்லல?"

"சொன்னா நீ தூங்க மாட்டியே." தலையணையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு. நான் ஒன்னக் கூப்பிட்டேன். கேட்டுச்சா?"

"இல்லக்கா. லாரி சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"நானும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டேன்" என்று சொல்லி என் கையைத் தட்டிக்கொடுத்தார். நான்கு நாள் கழித்து அக்காவின் உயிர் பிரிந்தது.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், துக்க நாள்களில் எங்களுக்குச் சமைத்துப் போட்ட பக்கத்து வீட்டாருக்கும், தூக்கிச் சென்ற தோள்களுக்கும், பதினாறாம் நாள் வரை உடனிருந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. பெயர்கூடக் கேட்காமல் அனுப்பிவிட்ட அந்த லாரிக்காரருக்கும் நன்றி. அவரால்தான் அக்கா எங்களுக்குப் பல ஆண்டுகள் கிடைத்தார்.

அத்தான், நீங்கள் எழுதித் தந்த நன்றிப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. அதை எடுத்துவிட்டேன். அச்சுக்குக் கொடுக்குமுன் இதைப் படிப்பீர்கள். படித்தபின் என்னை எப்படிப் பார்ப்பீர்களோ என்று நடுக்கமாக இருக்கிறது. இருந்தாலும் ஒரு வரியையும் வெட்டிவிடாதீர்கள்.

அன்று அக்கா என்னை மூன்று முறை கூப்பிட்டார். மூன்று முறையும் எனக்குக் கேட்டது.